பெட்டிக்குள் போன மனு

குந்தாரப்பள்ளிச் சந்தைமேட்டுக்குத் தெற்கே முப்பத்திரண்டு குடிசைகள் இருந்தன. அந்த முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருக்க வேண்டிய பயத்தைப் பாப்பம்மா ஒருத்தியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போலீஸ்காரர் போனால் பயப்படுவாள். போனவர் திரும்பி வரவில்லை என்றால் அதற்கும் பயப்படுவாள். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் போதும், வேப்பனப்பள்ளியில் கட்டிக் கொடுத்த மகளுக்கு என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம்தான் முப்பத்திரண்டு குடும்பத்துத் தலையெழுத்தையும் ஒரே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் போகும் பெரிய ரோட்டின் இரண்டு ஓரமும் புளியமரங்கள். மரமெல்லாம் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். வருஷா வருஷம் காய் பழுக்கிற சமயத்தில் போர்டு ஏலம் விடும். எடுத்தவருக்கு அந்த வருஷத்துப் புளி முழுவதும். குந்தாரப்பள்ளிப் பக்கத்து மரங்களை ஒவ்வொரு வருஷமும் எடுத்தவர் மண்டிக்காரர் தீர்த்தகிரி. எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது. குடிசைவாசி ஆண்கள் மரம் ஏறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டையும் நாரும் எடுப்பார்கள். புளி மூட்டை பெங்களூருக்குப் போகும். கூலியில் பாதிக்குப் புளியங்கொட்டையை அளந்து போடுவார்கள். வறுத்து ஊறவைத்துத் தின்னலாம், வேறென்ன செய்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாப்பம்மாவின் புருஷன் கங்கப்பன் கிளை முறிந்து கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு கால் அன்றோடு சரி. தீர்த்தகிரி வந்து பார்த்துவிட்டு, "பாத்து ஏறக் கூடாதா?" என்று கேட்டார். மருந்துக்குக்கூட வேறு எதுவும் தரவில்லை. அன்றுமுதல் கங்கப்பன் குடிசைக்குள் உட்கார்ந்து கயிறு திரிக்கிறான்.

அந்த வருஷம்தான் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஏழைகளைப் பார்த்துப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் போலிருந்தது. "ஏறுறது நீங்க, உடைக்கிறது நீங்க. ஏலம் எடுக்கிறவர் மட்டும் ஏன் வேற ஆளா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி குடிசைகளுக்குள் இரண்டு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் சங்கம் ஒன்று உண்டாயிற்று. புளித் தொழிலாளர் கூட்டுறவு சங்கம். சேலத்து ஆபீசில் பதிவாகிவிட்டது. தலைவர் திம்மப்பன், கங்கப்பனுக்குச் சித்தப்பா மகன், மரத்தில் அணில் மாதிரி ஏறுகிறவன், வாயும் கொஞ்சம் நீளம்.

சங்கம் இருப்பது தீர்த்தகிரிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. குடிசைகள் நின்றது அவர் நிலத்தின் ஓரத்தில். பட்டா கிடையாது, வாடகைச் சீட்டு கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பொழுது சாய்வதற்குள் முப்பத்திரண்டு கூரையும் தரையில் கிடக்கும்.

ஏலமில்லாமல் சங்கத்துக்கே மரத்தைக் குத்தகைக்கு விடப் போர்டுக்கு அதிகாரம் உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் போர்டு மனசு வைக்க வேண்டும். போர்டு மனசு வைக்க வேண்டுமென்றால் எம்.எல்.ஏ. எழுத வேண்டும். எம்.எல்.ஏ. யார் என்பதே இனிமேல்தான் முடிவாக வேண்டும். அது ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தை மாதம். நாட்டில் முதன்முதலாக எல்லாருக்கும் ஓட்டு. ஏலம் மாசியில்.

"ஓட்டுக்கு முன்னாடிதான் இவங்களுக்குக் காது கேக்கும். அப்புறம் நாம கத்தினாலும் கேக்காது" என்றான் திம்மப்பன். அதனால் இன்ஸ்பெக்டர் எழுதித் தந்த மனுவில் முப்பத்திரண்டு பேரும் பெருவிரல் ரேகை வைத்தார்கள். ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் பெயர். ஜெயிப்பார் என்று எல்லாரும் சொன்ன வேட்பாளர் சென்னகிருஷ்ணனிடம் அதைக் கொடுக்க வேண்டும். அவருக்குத் தராசுச் சின்னம். நல்ல மனுஷர் என்றுதான் பேர். ஆனால் இந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தால் அவர் சாப்பிடுவது தீர்த்தகிரி வீட்டில், ஏறிப் போவது தீர்த்தகிரியின் காரில். ஒட்டிக்கொண்டே திரிகிற அந்த மண்டிக்காரருக்குத் தெரியாமல் மனு அவர் கைக்குப் போக வேண்டும். மண்டியையும் மண்டிக்காரர் வீட்டுக் கொல்லையையும் பெருக்குகிறவள் பாப்பம்மா. அவளை விட்டால் ஆளில்லை.

"உன்மேல யாருக்கு அண்ணி சந்தேகம் வரும்? நீ நெழலப் பாத்து ஓடுறவ" என்றான் திம்மப்பன்.

"அதான்டா சொல்றன், என்னால ஆவாது" என்றாள் பாப்பம்மா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனுவை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அது அங்கே இருந்த பன்னிரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குனிந்தால் விழுந்துவிடுமோ என்று குனியாமல் பெருக்கினாள். "இடுப்புல புடிப்பா?" என்று மண்டிக் கணக்குப்பிள்ளை கேட்டதற்கே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஒருநாள் சென்னகிருஷ்ணன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தார். தனியாகத்தான் வந்தார். பாப்பம்மா செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மடிக்குள் கை போயிற்று. "துண்டு இந்தாங்க" என்று பின்னாலேயே தீர்த்தகிரி. போன கை இடுப்பைச் சொறிந்துவிட்டு வெளியே வந்தது.

இன்னொரு நாள் சந்தையில் கூட்டம். வேட்பாளர் காரின் மேல் நின்று தெலுங்கில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம், தமிழில் மிச்சம் என்று எல்லாருக்கும் பங்கு வைத்துப் பேசினார். "குறையிருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார். பாப்பம்மா கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் போனாள், கையைக்கூடத் தூக்கிவிட்டாள். காருக்குள்ளிருந்து தீர்த்தகிரி தலையை நீட்டி அவளைப் பார்த்தார். தூக்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்து அவள் ஒரு பெரிய கும்பிடாகப் போட்டாள். "பாருங்க, நம்ம ஜனங்க விசுவாசத்த!" என்றார் தீர்த்தகிரி.

அவ்வளவுதான். ஓட்டுப் போடும் நாள் வந்துவிட்டது, மனு மடியிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை. அந்தத் தேர்தலில் இப்போது மாதிரி முத்திரை குத்துகிற வேலை கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவரவர் சின்னம். கொடுக்கிற சீட்டைப் பிடித்த ஆளின் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். விரலில் மை வைக்கும்போதே பாப்பம்மா கையைப் பின்னுக்கு இழுத்தாள். "பயப்படாதம்மா. தட்டிக்குப் பின்னால யாரும் இருக்க மாட்டாங்க. நீ எதுல போட்டன்னு அந்த ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது" என்றார் மை வைத்த வாத்தியார்.

தட்டிக்குப் பின்னால் போனாள். உண்மையாகவே யாரும் இல்லை. வரிசையாகப் பெட்டிகள், ஒன்றின்மேல் தராசுப் படம். பன்னிரண்டு நாளில் முதன்முறையாகத் தீர்த்தகிரி பக்கத்தில் இல்லாத ஓர் இடத்தில் அவள் நின்றாள். இது சென்னகிருஷ்ணனுடைய பெட்டி. பூட்டி அரக்கு வைத்திருக்கிறது. அவர் பெட்டியை அவரைத் தவிர வேறு யார் திறக்கப் போகிறார்கள்? பாப்பம்மாவுக்கு அப்படித்தான் தோன்றியது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஓட்டை எண்ணுவது எப்படி என்று அன்றைக்கு அந்தச் சீமையில் படித்தவர்களுக்கே தெரியாது.

மனுவை எடுத்துத் துவாரத்தில் செருகினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. வெளியே, "என்னம்மா ஆச்சு?" என்று குரல் வந்தது. அவள் கடைசியில் ஓட்டுச் சீட்டையே மடித்து அதன் முனையால் மனுவைக் குத்தித் தள்ளினாள். இரண்டும் சேர்ந்து உள்ளே விழுந்தன. தராசுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை; அது அப்படி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து களி கிண்டி வயிறாரச் சாப்பிட்டாள். திம்மப்பனைக் கூப்பிட்டு, "குடுத்துட்டன்டா" என்றாள்.

"யார் கையில?"

"கையில இல்ல. அவரு பெட்டியில."

திம்மப்பனும் முதலில் சந்தோஷப்பட்டான். அண்ணியின் மூளையை நாலு பேரிடம் புகழ்ந்தான். அடுத்த நாள் கிருஷ்ணகிரிக்குப் போய் இன்ஸ்பெக்டரிடமும் பெருமையாகச் சொன்னான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டியையெல்லாம் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்து, மேஜைமேல் கொட்டி, எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் சுற்றி உட்கார்ந்து பார்க்கத்தான் எண்ணுவார்கள் என்றார். சென்னகிருஷ்ணனுக்கு ஏஜெண்டு யார் தெரியுமா என்றும் கேட்டார். திம்மப்பனுக்குத் தெரியும். தீர்த்தகிரி.

திம்மப்பன் திரும்பி வந்து குடிசை வாசலில் குந்திக்கொண்டு இதைச் சொன்னபோது, கங்கப்பன் திரித்துக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவியது. பாப்பம்மா எழுந்து பின்பக்கம் போய், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

எண்ணுவதற்கு இன்னும் ஆறு நாள். மரங்களில் புளி பழுத்து ஓடு கலகலத்தது. அவள் தினமும் மண்டியைப் பெருக்கினாள். தீர்த்தகிரி வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்துப் பேசும்போதெல்லாம், இன்னும் அஞ்சு நாள் சிரிப்பு, இன்னும் நாலு நாள் சிரிப்பு என்று அவளுக்குள் ஏதோ எண்ணியது. பெட்டியை எலி கடிக்கக் கூடாதா, தீப்பிடிக்கக் கூடாதா என்று சாமியைக் கேட்டாள். மற்றக் குடிசைக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அதுவரை அவளைக் கேலி பண்ணியவர்கள் அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்துக் குடிசை ரங்கம்மா மட்டும், "எங்க கொழந்தைங்கள நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டியேடி" என்று ஒரு தடவை சொன்னாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பாப்பம்மாவே திம்மப்பன் வீட்டுக்குப் போனாள். "கேட்டா எல்லாரும் எம்மேல சொல்லிடுங்க. ரேஷன் சீட்டுக்குன்னு பொய் சொல்லி பாப்பம்மா ரேக வாங்கிட்டான்னு சொல்லுங்க. போனா என் குடிசையோட போவட்டும்." திம்மப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

மறுநாள் இரண்டு பேரும் ஏழெட்டு மைல் நடந்து கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிட அங்கே நின்று பயப்படலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். தாலுக்கா கச்சேரி மைதானத்தில் பந்தல் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம், அந்தப் பக்கம் அதிகாரி, மேஜைகள், ஏஜெண்டுகள். சென்னகிருஷ்ணனும் எதிர் வேட்பாளர் எல்லப்பனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தீர்த்தகிரி, புது வேட்டி.

குந்தாரப்பள்ளிப் பெட்டியைக் கொட்டினார்கள். சீட்டுகளுக்கு நடுவே தடியாக ஒன்று விழுந்தது. பாப்பம்மா திம்மப்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டு, "இது ஓட்டில்லை, ஏதோ மனு" என்று ஒதுக்கி வைத்தார். அதோடு போயிருக்கும். எல்லப்பனின் ஏஜெண்டுதான் விடவில்லை. "மனுன்னா படிக்கட்டுமே, என்ன குறைன்னு கேப்போம்" என்றார். படித்தார்கள். மண்டிக்காரர் வருஷா வருஷம் எடுப்பது, கூலிக்குக் கொட்டை போடுவது, சங்கத்துக்கு மரம் வேண்டும் என்பது, பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயராகக் காதில் விழ விழ, பாப்பம்மாவுக்கு ஒவ்வொரு குடிசையாகச் சரிவது தெரிந்தது.

தீர்த்தகிரி எழுந்தார். பாப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் அவர் சிரித்தார். "இதெல்லாம் எம் மண்ணுல குடியிருக்கிற ஜனங்க. எஞ்சோத்தத் தின்னுட்டு இப்பிடி எழுதுவாங்களா? சங்கமாவது ஒண்ணாவது! எல்லப்பன் ஆளுங்க பண்ண பொய் மனு இது. யாரோ ரேகைய அப்பி வெச்சிருக்கானுங்க."

எல்லப்பன் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். சென்னகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து கயிற்றருகே வந்தார். இல்லை என்ற பதில்தான் வரும் என்ற தைரியம் அவர் முகத்தில் தெரிந்தது. "குந்தாரப்பள்ளிக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா? இது நீங்க எழுதினதா? நெஜமா இருந்தா நான் போர்டுக்கு எழுதறன். இந்த ஜனங்க முன்னால சொல்றன். பொய்யின்னா பொய்யின்னு சொல்லுங்க."

பாப்பம்மாவுக்குப் புரிந்தது. சும்மா இருந்தால் போதும். தீர்த்தகிரியே கதவைத் திறந்து விட்டிருக்கிறார். பொய் மனு, யாருடைய குடிசையும் போகாது. அவளும் நாளைக்கு மண்டியைப் பெருக்கலாம். கேட்ட வரம் கிடைத்த மாதிரிதான்.

ஆனால் இன்று பொய் என்றால் அது என்றைக்கும் பொய்தான். இன்னொரு மனு எழுத யாருக்குத் தைரியம் வரும்? அவளுக்குக் கங்கப்பனின் கால் ஞாபகம் வந்தது என்று பிறகு சிலர் கதை கட்டினார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. "வாய் நடுங்கிச்சு, அதுலயே வந்துடுச்சு" என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

"சாமி" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "சாமி, அதுல மொத ரேக என்னுது. நாந்தான் பெட்டியில போட்டன். மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரேஷனுக்குன்னு சொல்லி நாந்தான் வாங்கனன்."

எல்லப்பனின் ஏஜெண்டு மைப்பெட்டியை எடுத்து நீட்டினார். அவள் விரல் ஆடிய ஆட்டத்தில் முதல் ரேகை அழிந்துபோயிற்று. இரண்டாவது நன்றாக விழுந்தது. மனுவில் இருந்ததும் அதுவும் ஒன்றுதான் என்பதைப் பார்க்க அதிகாரி தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

"போர்டுக்கு எழுதறன்னு சொன்னீங்களே" என்றார் எல்லப்பன். சென்னகிருஷ்ணன் தீர்த்தகிரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "எழுதறன்" என்றார். அன்று அவர் ஜெயித்தார். கொல்லையில் தனியாக அந்த மனுவைக் கையில் கொடுத்திருந்தால் அது துண்டோடு சேர்ந்து தீர்த்தகிரி கைக்குத்தான் போயிருக்கும். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை.

பொழுது இறங்குவதற்குள் மண்டி ஆட்கள் பாப்பம்மாவின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கங்கப்பனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். தீர்த்தகிரி மற்ற முப்பத்தொரு வீட்டுக்காரரையும் அங்கேயே நிற்க வைத்துக் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். திம்மப்பன் தன் தலையில் கை வைத்துச் சத்தியமே பண்ணினான். "அவ எங்கள ஏமாத்திட்டா சாமி. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது." சொல்லச் சொன்னவள் பாப்பம்மாதான். ஆனாலும் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே அதைக் கேட்டபோது, அவர்கள் அதை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

மாசியில் போர்டிலிருந்து உத்தரவு வந்தது. குந்தாரப்பள்ளிப் பக்கத்து ரோட்டு மரங்கள் ஒரு வருஷத்துக்குச் சங்கத்துக்குக் குத்தகை. போர்டே கொடுத்துவிட்ட பிறகு தீர்த்தகிரிக்கு ஒன்றும் சொல்ல வழியில்லை. ஒரேயடியாக முப்பத்தொரு குடிசையைப் பிரித்தால் புது எம்.எல்.ஏ. பேர் கெட்டுப்போகும் என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் பாப்பம்மாவும் கங்கப்பனும் ரோட்டோரத்தில், போர்டு நிலத்தில், ஒரு புளியமரத்தடிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாலு குச்சி நட்டு மேலே சோளத்தட்டை போட்டிருந்தாள்.

புளியமரத்தடியில் ராத்திரி படுக்கிறவர்கள் அந்தச் சீமையில் கிடையாது. பேய் குடியிருக்கிற மரம். வண்டிக்காரர்கள்கூட மாட்டை அவிழ்க்க வேப்பமரம் தேடிப் போவார்கள்.

முதல் நாள் உலுக்கலுக்குச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் அந்த மரத்தடிக்குத்தான் வந்தார்கள். திம்மப்பன் கிளை உலுக்கும் தொரட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாப்பம்மாவைப் பார்க்காமல் மரத்தையே பார்த்தான். ரங்கம்மாதான் கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"இங்க படுக்க உனக்குப் பயமா இல்லியாடி? நீ ஈர்க்குச்சி ஒடஞ்சாலே நடுங்குவியே."

"பயமாத்தான் இருக்குது" என்றாள் பாப்பம்மா. "கண்ண மூடினா மேல யாரோ ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்குது. விடிஞ்சாத்தான் மூச்சே வருது." கூடையை எடுத்துத் தரையில் கவிழ்த்துத் தட்டினாள். "ஆனா பேய் அடிக்கும், இல்லன்னா கொல்லும். எந்திரி, எடத்தக் காலி பண்ணுன்னு சொல்லாது."

திம்மப்பன் தொரட்டியைக் கீழே வைத்தான். அவள் முன்னால் வந்து, அவள் கவிழ்த்த கூடையை நிமிர்த்தி அவள் பக்கம் நகர்த்தினான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினான்.